23 விளக்குகளும் தெரியாமல் போன ஒரு படியும்: ஒரு வீட்டுத் தோட்டத்தின் ஒளியமைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

"மழை வந்தா வீடே இருட்டாயிடுது." தொலைபேசியில் சொல்லப்பட்ட குறை இவ்வளவுதான். தோட்டத்தில் அலங்கார விளக்குகள் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. தூறல் விழுந்தாலே ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டிரிப் ஆகிவிடுகிறது, விளக்கு ஸ்விட்சை அணைத்தால்தான் மறுபடி நிற்கிறது என்றார் வீட்டுக்காரர்.

நான் போனது அந்த மின்கோளாறைப் பார்க்கத்தான். ஒரே பிற்பகலில் அது பிடிபட்டும் விட்டது. கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரரின் அம்மா வாசலுக்கு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். "கரண்ட் போறதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல தம்பி. போனாதான் எனக்குப் படியே தெரியுது" என்றார்.

அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை, இருப்பதைச் சொன்னார். அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு கிளம்ப மனம் வரவில்லை. இருட்டும்வரை இருந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். அடுத்த மூன்று இரவுகளும் அங்கேதான் கழிந்தன.

இடமும் விளக்குகளும்

வெளிக்கதவிலிருந்து வீட்டு வாசல்வரை சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கல் பாவிய நடைபாதை. பாதி வழியில் தரை சற்றே இறங்குகிறது. அந்த இடத்தில் மூன்று படிகள். இடப்பக்கம் அடர்ந்து கவிந்த ஒரு பெரிய மரம், அதன் கீழே ஒரு பெஞ்சு. வலப்பக்க எல்லையில் 9 மீட்டர் கல் சுவர். அதன் கடைசிப் பகுதி மட்டும் சிமென்ட் பூச்சு. வரவேற்பறையின் பெரிய கண்ணாடி ஜன்னல் தோட்டத்தைப் பார்த்தபடி இருக்கிறது.

இந்த அளவான தோட்டத்தில் 23 விளக்குகள். நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் முழங்கால் உயரத்தில் 8 உருண்டை விளக்குகள். மரத்தைச் சுற்றி மண்ணில் குத்தி, மேல்நோக்கித் திருப்பிய 6 ஸ்பைக் லைட்டுகள். சுவரோரம் 5. கூரை விளிம்பில் 30 வாட் ஃபிளட் லைட் 2. மரத்தடியில் 2 சோலார் விளக்குகள். எல்லாமே 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை.

முன்பு வேலை செய்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் படத்தைப் பார்த்து, வாங்கிய விளக்கை எல்லாம் எங்காவது பொருத்தியாக வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் பெரும்பாலான தோட்டங்கள் வெளிச்சமாகின்றன. இந்த வீட்டில் அதன் விளைவு ஒரு வயதானவரின் கால் அடியில் வந்து நின்றிருந்தது.

தண்ணீர் எங்கே புகுந்தது

முதலில் மின்கோளாறு. உருண்டை விளக்குகள், ஸ்பைக் லைட்டுகள், சுவர் விளக்குகள் ஆகிய 19 விளக்குகளும் 12 வோல்ட்டில் ஓடின. அந்தப் பக்கம் எவ்வளவு நனைந்தாலும் வீட்டு ஆர்சிசிபி அசையாது, நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைத்திருக்கிறது. ஆகவே சந்தேகம் மெயின் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் இரண்டு ஃபிளட் லைட்டுகள் மேல்தான் விழுந்தது.

வலப்பக்க ஃபிளட்டின் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். மூடியின் நான்கு ஸ்க்ரூக்களில் மூன்றாவதைத் தளர்த்தும்போதே தண்ணீர் மணிக்கட்டு வழியாக வழிந்தது. உள்ளே எறும்புகள் கொண்டுவந்து சேர்த்த மண். டேப் சுற்றிய இணைப்பைப் பிரித்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. ஒயரின் மேலுறையை மெதுவாக உரித்துக்கொண்டே போனேன். ஒரு சாண் நீளத்துக்கு இழைகள் கறுத்துக் கிடந்தன. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, மெல்லிய செம்பு இழைகளுக்கு இடையில் தண்ணீர் ஏறிப்போகும். வெளியே பார்த்தால் ஒயர் புத்தம் புதிதாகத்தான் இருக்கும்.

தண்ணீர் வந்த வழி எளிது. ஒயர் மேலிருந்து நேராக இறங்கிப் பாக்ஸின் மேல் பக்கமாக நுழைந்திருந்தது. மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி, ஒயர் நுழையும் துளையை இறுக்கி மூடும் கிளாண்டுக்குள் போய்விட்டது. ஒயரைப் பாக்ஸுக்குக் கீழே ஒரு வளைவு இறக்கி, அடிப்பக்கமாக ஏற்றியிருந்தால் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிப் போயிருக்கும். ஒரு கை நீள ஒயரும் இரண்டு நிமிடமும்தான் கூடுதல் செலவு.

"ஐபி65 விளக்குதானே வாங்கினோம்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி, நிறையப் பேருக்கு இருக்கும் குழப்பமும் கூட. ஐபி எண்ணில் முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 44 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும். 65 என்றால் தூசு புகாது, குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். 67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடக்கலாம். இவை எல்லாம் விளக்கின் கூட்டைப் பற்றிய பேச்சு. நாம் கையால் முறுக்கி டேப் சுற்றும் இணைப்புக்கு எந்த எண்ணும் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. எரிந்துகொண்டிருக்கும் விளக்குக்குள் காற்று சூடாகி விரிந்திருக்கும். அணைத்தாலோ திடீரென்று மழை பட்டாலோ அது குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது வெளியிலிருந்து எதையாவது உள்ளே இழுக்கும். கிளாண்டில் மயிரிழை இடைவெளி இருந்தால் அந்த வழியாக ஈரம் போய்விடும். மூன்று ஸ்பைக் லைட்டுகளின் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பூத்தது போல இருந்ததற்குக் காரணம் இந்த மூச்சிழுப்புதான். மண்ணுக்குள் நிற்கும் விளக்கானால் 67 வேண்டும். ஜெல் நிரப்பிய இணைப்பானும் வேண்டும். டேப்பை நான் தோட்டத்துக்குள் அனுமதிப்பதே இல்லை.

மங்கலான கடைசி விளக்குகள்

சுவரின் கடைசி இரண்டு விளக்குகள் மட்டும் சோர்ந்து எரிந்தன. டிரான்ஸ்ஃபார்மரில் 12 வோல்ட் சரியாக இருந்தது. கடைசி விளக்கில் மீட்டரை வைத்தால் 8.1.

டிரான்ஸ்ஃபார்மர் வீட்டின் பின்பக்கம். அங்கிருந்து 25 மீட்டர் வந்த பிறகுதான் முதல் விளக்கே. ஒரே ஒயர், 1.5 சதுர மில்லிமீட்டர், மொத்தச் சுமை 60 வாட், அதாவது 5 ஆம்பியர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக்கு ஒரு மீட்டரில் 0.0172 ஓம் தடை. போய்வர 50 மீட்டர், தடை 0.57 ஓம், 5 ஆம்பியரால் பெருக்கினால் 2.9 வோல்ட். முதல் விளக்குக்கு வந்து சேரும்போதே மின்னழுத்தத்தில் கால்பங்கு ஒயரிலேயே சூடாகப் போய்விட்டது.

கடைசியில் மங்கலாக இருக்கிறது என்று நடுவில் ஒரு முறை அங்கே கூடுதல் வாட் விளக்குகளாக மாற்றியிருக்கிறார்கள். வாட் கூடினால் ஆம்பியர் கூடும், ஆம்பியர் கூடினால் ஒயரில் விழும் வோல்ட்டும் கூடும். இருட்டு இன்னும் கெட்டியானதற்கு அதுதான் காரணம். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தாலே போதும், விளக்கை வாங்குவதற்கு முன்னால்.

முதல் இரவு: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு

சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்து, 23 விளக்குகளும் எரியும்போது நடைபாதையில் நடந்தேன். பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் கண் போன பக்கமெல்லாம் விளக்குதான் தெரிந்ததே தவிர, தோட்டம் தெரியவில்லை. எட்டு வெள்ளை உருண்டைகள் காற்றில் மிதந்தன; அவற்றுக்கு நடுவில் தரை ஒரே சாம்பல் பரப்பு.

படிக்கு வந்ததும் அம்மா சொன்னது புரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் உருண்டைகள் இருப்பதால் மேல்படி, கீழ்ப்படி எல்லாவற்றின் மேலும் ஒரே அளவு வெளிச்சம் விழுகிறது. எந்த விளிம்பிலும் நிழல் இல்லை. பாதையும் அதே கல், படியும் அதே கல். படி என்று கண்ணுக்குச் சொல்வது நிழல்தான். அதைத்தான் இந்த விளக்குகள் துடைத்துவிட்டிருந்தன.

அதற்கு மேல் கண்கூச்சம். படியில் இறங்கும் யாரும் கீழே பார்ப்பார்கள். கீழே பார்க்கும் கண்ணுக்கு நேர் வழியில்தான் முழங்கால் உயர உருண்டைகள் நிற்கின்றன. வயதான கண்ணில் லென்ஸ் மஞ்சள் படிந்து சற்றே கலங்கியிருக்கும். அதில் நேரடி வெளிச்சம் பட்டால் உள்ளேயே சிதறி, பார்வை முழுக்க ஒரு மெல்லிய வெள்ளைத் திரை போடும். தூசு படிந்த கார்க் கண்ணாடியில் எதிர் வண்டியின் ஹெட்லைட் விழுந்தால் சாலை மறைவதைப் போலத்தான் இது. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் வயதானவர்களுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும் என்பது உண்மை. அது தரையில் வேண்டும், கண்ணில் வேண்டாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் தவறு நடக்கிறது.

இரண்டாவது படியின் மேல், விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை வைத்தேன்: 9 லக்ஸ். முழுநிலவு தரையில் தருவதோ 0.3 லக்ஸுக்கு மேல் போகாது. அதைப்போல முப்பது மடங்கு வெளிச்சத்தில் ஒருவர் படியைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்தோம், நான், வீட்டுக்காரர், அவர் மனைவி. முதல் சில நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. கண்ணில் இருட்டுக்குப் பழகும் உயிரணுக்கள் முழுதாக விழித்துக்கொள்ள 20 முதல் 30 நிமிடம் ஆகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கல் சுவரின் மேல்விளிம்பு தெரிந்தது. அப்புறம் மரத்தின் கவிகை வானத்தில் ஒரு கறுப்பு வடிவமாக வந்தது. "இந்த மரம் இவ்வளவு பெரிசான்னு இன்னைக்குத்தான் பார்க்கறேன்" என்றார் வீட்டுக்காரரின் மனைவி. அந்த மரத்தடியில் அவர்கள் வருடக்கணக்காக வசிக்கிறார்கள்.

என் வேலையில் இந்த இருபது நிமிடத்தை நான் விட்டுக்கொடுப்பதில்லை. எங்கே இருட்டு நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டால், எங்கே விளக்கு வேண்டும் என்பது பாதி முடிவாகிவிடும்.

இரண்டாம் இரவு: கையில் விளக்கோடு

எதையும் பொருத்துவதற்கு முன் கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். பேட்டரியில் ஓடும் நான்கு சோதனை விளக்குகள், ஒரு மூங்கில் கழி, ஒரு ஏணி. என்னோடு வந்த தம்பி விளக்கைப் பிடிப்பான், நான் வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் பெஞ்சிலிருந்தும் பார்ப்பேன்.

முதலில் படி. ஒவ்வொரு படியின் முன்விளிம்புக்கு அடியில், ஒளிமூலம் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு சின்ன விளக்கை ஒளித்துப் பிடித்தோம். அடுத்த படியின் மேற்பரப்பு மட்டும் வெளிச்சமானது. மேல்படியின் விளிம்பு அதற்கு எதிரே கறுப்புக் கோடாக நின்றது. மூன்று படி, மூன்று கோடு. மீட்டரில் வெறும் 4 லக்ஸ், முன்பிருந்ததில் பாதிக்கும் குறைவு.

அம்மாவைக் கூப்பிட்டோம். கைப்பிடியில் ஒரு கையை வைத்தபடி வந்தார். முதல் படியில் நின்றார். குனிந்து பார்த்தார். இரண்டாவது படியில் கையை எடுத்துவிட்டார். கீழே இறங்கி நின்று, "இது போதும். அந்தப் பந்துகளை எடுத்துடுங்க" என்றார்.

அடுத்தது மரம். வீட்டுக்காரருக்குக் கீழிருந்து மேலே அடிக்கும் வெளிச்சத்தின் மேல் தனிப் பிரியம். அழகான விஷயம்தான், நானும் பல தோட்டங்களில் செய்திருக்கிறேன். இலை மெலிந்து கிளை தெரியும் மரத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். வெளிச்சம் உள்ளே ஏறிப் போகும். இந்த மரம் கீழேயே அடர்த்தியானது. வெளிச்சம் முதல் கிளைகளின் அடிவயிற்றிலேயே தங்கிவிடுகிறது, மேலே எல்லாம் இருட்டு. போதாததற்கு அந்த விளக்குகள் 60 பாகைக் கற்றை. 4 மீட்டர் தூரத்தில் 60 பாகை என்றால் 4.6 மீட்டர் அகல வட்டம். மரத்தில் பட்டது போக மீதி எல்லாம் வானத்துக்கும் பக்கத்து வீட்டு மாடி ஜன்னலுக்கும்.

நாங்கள் தலைகீழாகச் செய்து பார்த்தோம். தம்பி ஏணியில் ஏறி, 7 மீட்டர் உயரத்தில் ஒரு கிளையோரம் நின்று, 36 பாகை விளக்கைக் கீழ்நோக்கிப் பிடித்தான். தரையில் நாலரை மீட்டர் வட்டம் விழுந்தது. அதை வட்டமாகப் பார்க்க முடியவில்லை. கீழ்க்கிளைகள் நடுவில் இருப்பதால் இலை நிழலாகத் தரை முழுக்க இறைந்து கிடந்தது. காற்று வந்தபோது நிழல்கள் நடைபாதையின் மேல் நகர்ந்தன. வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கீழேர்ந்து அடிக்கறது வேண்டாம்" என்றார். நிலவொளி போல என்று தொழிலில் இதைச் சொல்வோம். எனக்கு இதைவிடப் பிடித்த ஒரு உத்தி கிடையாது.

மரத்துக்குப் பழைய ஏற்பாட்டில் ஒரு காயமும் இருந்தது. ஒயரைப் பிடிக்க அடிமரத்தைச் சுற்றி ஒரு உலோகப் பட்டையை இறுக்கியிருந்தார்கள். எட்டு மாதத்திலேயே பட்டை பதிந்த இடத்தில் தோல் புடைத்திருந்தது. மரம் இலையில் செய்யும் உணவு வேருக்குப் போகும் பாதை தோலுக்கு உடனடியாக உள்ளேதான் இருக்கிறது. சுற்றிவர இறுக்கினால் வருடங்கள் போகப் போக வேர் பட்டினி கிடக்கும். ஒரு துருப்பிடிக்காத ஸ்க்ரூவை மரத்தில் நேராகச் செலுத்துவது அதைவிடக் குறைந்த தீங்கு. ஸ்க்ரூவின் தலைக்கும் மரத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, மரம் பருக்கப் பருக்க அதைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும்.

சுவருக்கு ஐந்து விளக்கில் இரண்டு போதும் என்று தெரிந்தது. பழைய விளக்குகள் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நேராக அடித்தன. கல் சுவர் ஒரு தட்டைத் திரையாகிவிட்டது. விளக்கைச் சுவருக்கு 20 சென்டிமீட்டர் அருகில் கொண்டுபோய் மேல்நோக்கி உரசவிட்டால் ஒவ்வொரு கல்லின் மேடு பள்ளமும் எழுந்து வருகிறது. கைவேலை தெரியும் சுவர்களுக்கு இதைத்தான் செய்ய வேண்டும். கடைசிப் பகுதியில் மட்டும் இது காலை வாரியது, சிமென்ட் பூச்சில் கரண்டி இழுத்த தடமெல்லாம் தழும்பு போலத் தெரிந்தது. அந்தப் பகுதியை இருட்டில் விட்டோம்.

ஃபிளட் லைட்டும் பாதுகாப்பும்

ஃபிளட் லைட்டுகளை எடுக்க வேண்டும் என்றதும் வீட்டுக்காரர் உறுதியாக மறுத்தார். "பாதுகாப்புக்காகத்தான் போட்டோம்." அவருடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அது ஒரு குடும்பத்தின் தூக்கம் சம்பந்தப்பட்டது.

அவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு வெளிக்கதவுப் பக்கம் போனேன். இரண்டு ஃபிளட்டும் முழுதாக எரிந்துகொண்டிருந்தன. கதவுத் தூணை ஒட்டி, அதன் நிழலில் நின்று கையை ஆட்டினேன். "எங்க இருக்கீங்க?" என்று கேட்டார். மூன்று முறை கையாட்டிய பிறகும் அவரால் என்னைப் பார்க்க முடியவில்லை. பலமான வெளிச்சம் பலமான நிழலையும் போடுகிறது; வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணால் அந்த நிழலுக்குள் நுழைய முடியாது. பிறகு ஃபிளட்டை அணைத்து, கதவுக்கு மேலே மூடியுள்ள ஒரு 5 வாட் விளக்கைக் கீழ்நோக்கிப் பிடித்தோம். அதே இடத்தில் அசையாமல் நின்றேன். முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

ஆள் வந்தால் எரியும் சென்சாரோடு அந்த விளக்கு முடிவானது. எப்போதும் எரியும் விளக்கை யாரும் கவனிப்பதில்லை, சட்டென்று எரியும் விளக்கைத் திரும்பிப் பார்ப்போம் என்பதும் சேர்ந்துகொண்டது.

மரத்தடி சோலார் விளக்குகள் இரண்டும் ஒரு நாளும் சரியாக எரிந்ததில்லையாம். பகலில் மரநிழலில் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை. மிச்சமிருந்த கொஞ்ச சார்ஜுக்கும் வேலை இல்லை. இரவில் ஃபிளட் வெளிச்சம் பட்டதால் அவற்றின் சென்சார் இன்னும் பொழுது சாயவில்லை என்றே நினைத்திருக்கிறது. வெயில் படும் கொல்லைப்புறத்துக்கு மாற்றினோம், இரண்டும் எரிகின்றன. மின்னிணைப்புள்ள விளக்குகளின் கணக்கில் இனி அவை இல்லை.

ஜன்னலும் நிறமும்

வரவேற்பறையிலிருந்து இரவில் தோட்டத்தைப் பார்க்க முடிவதில்லை. ஜன்னலில் சோபாவும் டிவியும்தான் தெரிகின்றன. உள்ளே வெளிச்சமும் வெளியே இருட்டும் என்றால் கண்ணாடி கறுப்பு நிலைக்கண்ணாடி ஆகிவிடும். அமெரிக்க ஒளியமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி 1949இல் கட்டி முடிக்கப்பட்ட கண்ணாடி வீடு ஒன்றில் இதே சிக்கலைச் சந்தித்தார். கட்டிடக்கலைஞர் ஃபிலிப் ஜான்சன் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு அது, நாலு பக்கமும் கண்ணாடி. கெல்லி உள்ளே விளக்கைக் கூட்டவில்லை. வெளியே மரங்களுக்கும் தரைக்கும் ஒளி கொடுத்து, உள் வெளிச்சத்தை அடக்கினார். சுவர்கள் மறுபடி கண்ணாடியாயின.

நாங்கள் செய்தது அதன் சிறிய வடிவம். தோட்டத்தின் தொலைவுக் கோடியில் ஒரு புதருக்கு 3 வாட் விளக்கு, வரவேற்பறைக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு டிம்மர். பார்வை கண்ணாடியைத் தாண்டிப் போய்ப் புதரில் நிற்கிறது. கண்ணுக்குத் தூரத்தில் ஒரு இலக்கு இருந்தால் நடுவில் உள்ள இருட்டு ஆழமாகத் தெரிகிறது. முன்பு அதே இருட்டு வெறுமையாக இருந்தது.

நிறத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பாதைக்கும் சுவருக்கும் 2700 கெல்வின், மரத்துக்கு 3000. நிலவொளிக்கு நீலம்தானே வேண்டும் என்று கேட்பார்கள். நிலவின் ஒளி உண்மையில் 4000 கெல்வினை ஒட்டியதுதான். மங்கலில் நம் கண்தான் அதற்கு நீலம் பூசுகிறது. வெள்ளை எல்இடி என்பதே நீல எல்இடியின் மேல் பாஸ்பர் எனும் மஞ்சளாக ஒளிரும் பொருளைப் பூசியதுதான். கெல்வின் ஏற ஏற நீலத்தின் பங்கு கூடும். நீலமும் புறஊதாவும்தான் பூச்சிகளை அதிகம் இழுக்கின்றன. பறக்கும் பூச்சிகள் வானத்து வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித்தான் மேல் கீழ் அறிகின்றன, விளக்கு அந்த அறிவைக் குழப்பிவிடுவதால்தான் அதைச் சுற்றிச் சுற்றியே மாட்டிக்கொள்கின்றன என்று 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதிவேகக் கேமராவில் படம் பிடித்துக் காட்டியது. அதைப் படித்த பிறகு, ஒரு விளக்கைச் சுற்றும் விட்டில்களைப் பார்க்கும்போது அவை ஆசைப்பட்டு வந்தவையாக எனக்குத் தெரிவதில்லை. வழி தவறியவையாகத்தான் தெரிகின்றன. மூடியுள்ள, கீழ்நோக்கிய, மஞ்சள் சாய்ந்த விளக்கு அவற்றுக்கும் நல்லது, பூச்சி இல்லாமல் பெஞ்சில் உட்கார நினைப்பவருக்கும் நல்லது.

பொருத்தியது

கடைசியில் 11 விளக்குகள். படிகளுக்கு 1 வாட் 3, பாதையில் குடை மூடியுள்ள 2 வாட் 2, மரத்தில் 6 வாட் 2, சுவருக்கு 4 வாட் 2, புதருக்கு 3 வாட் 1, வெளிக்கதவுக்கு 5 வாட் 1. மொத்தம் 35 வாட். முன்பு ஃபிளட்டோடு சேர்த்து 120.

மின்சாரம் 24 வோல்ட்டுக்கு மாறியது. அந்த 24 வோல்ட்டைத் தரும் டிரைவர் பெட்டி தோட்டப்பக்கச் சுவருக்கே வந்துவிட்டது, 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், இரண்டு தனித்தனி வரிசை. நீளமான வரிசையின் கடைசி விளக்கில் அளந்தால் இழப்பு கால் வோல்ட். தோட்டத்தில் இனி மெயின் மின்சாரம் இல்லை. மண்வெட்டி தவறுதலாக ஒயரை வெட்டினாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்பது எனக்கு அழகைவிடப் பெரிய நிம்மதி. ஒயரைக் குழாய்க்குள் விட்டுத்தான் புதைத்தோம், எந்த வழியாகப் போகிறது என்று ஒரு வரைபடமும் போட்டுக் கொடுத்தோம்.

சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிட்டுப் பின்தொடரும் டைமர் வைத்தோம். இரவு 10.30க்கு மரம், சுவர், புதர், பாதை எல்லாம் அணைந்துவிடும். படி விளக்குகள் மட்டும் குறைந்த ஒளியில் விடியும்வரை இருக்கும்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு

மறுபடி போய்ப் பார்த்தேன். ஆர்சிசிபி ஒரு முறையும் விழவில்லை. மரத்து ஸ்க்ரூக்களை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். உலோகப் பட்டை இருந்த இடத்தில் புடைப்பு அடங்கத் தொடங்கியிருந்தது.

எல்லாம் சரியாக இருக்கவில்லை. வெளிக்கதவு சென்சார் முதல் வாரங்களில் காற்றுக்கு ஆடும் ஒரு கிளைக்கெல்லாம் எரிந்திருக்கிறது. இது என் கவனக்குறைவு, காற்றில்லாத இரவில் மட்டும் சோதித்தேன். அதன் பார்வைக் கோணத்தை மறைப்பு வைத்துக் குறுக்கினேன். கீழ்ப்படி விளக்கின் கண்ணாடியில் பாசி படிந்து வெளிச்சம் பாதியாகியிருந்தது, ஈரத்துணியால் துடைத்ததும் சரியானது. மாதம் ஒரு முறை துடைக்கும் வேலையை வீட்டுக்காரரின் மனைவி ஏற்றுக்கொண்டார். சுவர் விளக்கு ஒன்று, களை எடுக்கும்போது இடிபட்டுத் திரும்பிப் போயிருந்தது. அடியில் கல் பதித்து அசையாமல் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர் மாடி ஜன்னலின் தடித்த திரையை எடுத்துவிட்டாராம்.

ஒன்று மட்டும் முடிவாகாமல் நின்றது. மரத்தடி பெஞ்சுக்கு ஒரு விளக்கு வேண்டும் என்று வீட்டுக்காரர் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, பெஞ்சின் காலடியில் ஒரு சிறு பெட்டிக்குள் ஒயரின் நுனியை ஜெல் மூடி போட்டு விட்டிருந்தேன்.

அன்று மாலை அம்மா அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து தனியாக நடந்து வந்திருக்கிறார், படிகள் உட்பட. விளக்கைப் பற்றிக் கேட்டேன். "இங்க வேண்டாம் தம்பி. பத்தரை மணிக்கு எல்லாம் அணைஞ்சதும் இங்கேர்ந்து நட்சத்திரம் தெரியுது" என்றார்.

பெட்டியைத் திறந்து ஜெல் மூடியைச் சரிபார்த்தேன். உள்ளே ஈரமில்லை. மறுபடி மூடிவிட்டு வந்தேன்.